தோழி சொன்னால் நம்புகிறார்கள்! அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் சனிக்கிழமை வகுப்பு

அமெரிக்கா பணக்கார நாடு. சந்திரனில் மனிதனை இறக்கிய நாடு. அங்கு இல்லாத பெரிய ஆஸ்பத்திரி இல்லை.

அந்த நாட்டில் 2023-ம் ஆண்டில் 3 ஆயிரத்து 882 குழந்தைகள், தாயின் வயிற்றிலேயே ஒரு நோயை வாங்கிக்கொண்டு வந்தன. அவற்றில் 279 குழந்தைகள் இறந்தே பிறந்தன. அல்லது பிறந்தபின் இறந்துவிட்டன.

நோயின் பெயர் சிபிலிஸ். ஆண்-பெண் உறவினால் பரவுவது. நம் ஊர்ப் பெரியவர்கள் "மேக நோய்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்களே, அந்த வகையைச் சேர்ந்தது.

இது தீராத நோயா? இல்லை. பென்சிலின் ஊசி போட்டால் தீர்ந்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரே ஊசி போதும்.

கர்ப்பிணிகளுக்குக் காலாகாலத்தில் ரத்தப் பரிசோதனை செய்து ஊசி போட்டிருந்தால், 2022-ல் இந்த நோயுடன் பிறந்த 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம். இதை அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு மையமே சொல்கிறது.

2012-ம் ஆண்டில் இப்படிப் பிறந்த குழந்தைகள் 335. 11 ஆண்டுகளில் இது 11 மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளைக்காரக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளும், அந்நாட்டின் ஆதிகுடிகளின் குழந்தைகளும்தான் இதில் மிக அதிகமாகச் சிக்குகின்றன.

மருந்து இருக்கிறது. நோயாளியும் இருக்கிறாள். ஆனால், இருவருக்கும் நடுவே ஏதோ அறுந்து கிடக்கிறது.

அறுந்ததை முடிச்சுப்போட, கறுப்பினப் பெண்கள் 40 ஆண்டுகளாக ஒரு வழியைக் கையாண்டு வருகிறார்கள். டாக்டர் சொன்னால் நம்பாத பெண்ணிடம், அவளைப் போலவே இருக்கும் இன்னொரு பெண்ணைப் பேச வைப்பது. அந்தப் பெண்ணுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து அனுப்புவது.

தாயிடம் சொல்ல முடியாததைத் தோழியிடம் சொல்வது தமிழர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. நம்முடைய பழைய அகப்பாட்டுகளில் தலைவியின் மனம் தோழிக்குத்தான் முதலில் தெரியும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் அந்தத் தோழியின் கையில் ஒரு பாடத் திட்டத்தையும் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குடும்பத்தில் எல்லோரும் படிக்கும் பக்கத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பேசாமல் இருந்ததால்தான் மேலே சொன்ன குழந்தைகளுக்கு அந்தக் கதி வந்தது.

நம்பிக்கை எங்கே போயிற்று?

கறுப்பினப் பெண்கள் டாக்டரிடம் போகத் தயங்குவது ஏன்? படிப்பறிவு இல்லாததாலா? அல்ல. அவர்களுக்கு நடந்தது அப்படி.

அலபாமா என்பது தெற்கே உள்ள ஒரு மாநிலம். அங்கே டஸ்கிகீ என்று ஓர் ஊர். 1932-ம் ஆண்டில் அரசாங்கச் சுகாதார இலாகா அங்கு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. 399 கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ் நோய் இருந்தது. நோய் இல்லாத 201 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஏழைக் குடியானவர்கள். "உங்களுக்குக் கெட்ட ரத்தம். வைத்தியம் செய்கிறோம்" என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் வைத்தியம் செய்யவில்லை. நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

1940-களில் பென்சிலின் வந்தது. நாடெங்கும் சிபிலிஸ் நோயாளிகளுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். டஸ்கிகீ ஆட்களுக்கு மட்டும் போடவில்லை. 1972-ம் ஆண்டு ஜூலை மாதம் பத்திரிகையில் செய்தி வெளியான பிறகுதான் இந்த ஆராய்ச்சி நின்றது. 40 ஆண்டுகள்! அதற்குள் பலர் இறந்துபோனார்கள். மனைவிமார்களுக்கும் நோய் தொற்றியது. பிள்ளைகள் நோயுடன் பிறந்தார்கள்.

1997-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி ஜனாதிபதி கிளிண்டன், உயிரோடு இருந்த முதியவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

இது ஆண்களுக்கு நடந்தது. பெண்களுக்கு நடந்தது வேறு.

1973-ம் ஆண்டு. அதே அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி என்ற நகரம். ஒரு கறுப்பினத் தாய்க்கு 14 வயதில் ஒரு மகள், 12 வயதில் இன்னொரு மகள். அரசாங்கப் பணத்தில் நடந்த ஒரு சுகாதார நிலையத்தில் இருந்து வந்தவர்கள், தாயிடம் ஒரு தாளை நீட்டினார்கள்.

தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள்களுக்கு ஏதோ ஊசி போடத்தான் அனுமதி கேட்கிறார்கள் என்று நினைத்தார். கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.

மகள்கள் இருவருக்கும் இனிமேல் குழந்தையே பிறக்காதபடி ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. மத்திய அரசின் பணத்தில் ஆண்டுதோறும் 1 லட்சம் முதல் 1½ லட்சம் ஏழைகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்துவந்தது விசாரணையில் வெளியாயிற்று. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் குறி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பாட்டி இதைத் தாய்க்குச் சொன்னாள். தாய் மகளுக்குச் சொன்னாள். வெள்ளைக் கோட்டு போட்டவர் வந்து "உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்" என்றால், கேட்பவளுக்கு எது நினைவுக்கு வரும்?

வட்டமாக உட்கார்ந்தார்கள்

ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர். கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழும் நகரம். முன்பு சொன்ன நோய்த் தடுப்பு மையத்தின் தலைமை அலுவலகம் இருப்பதும் இங்கேதான்.

அங்கே ஸ்பெல்மன் என்று ஒரு கல்லூரி உண்டு. கறுப்பினப் பெண்களுக்காக ஏற்பட்ட பழைய கல்லூரி. 1983-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே ஒரு மாநாடு நடந்தது. கறுப்பினப் பெண்களின் ஆரோக்கியத்தைப் பற்றி மட்டுமே பேசிய முதல் தேசிய மாநாடு அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வந்துவிட்டார்கள்.

மாநாட்டைக் கூட்டியவர் பெயர் பில்லி ஏவரி. இவருடைய கணவர் 33 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். ரத்தக் கொதிப்பு இருந்தது. அது எவ்வளவு ஆபத்தானது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. படித்த குடும்பத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்று அந்த அம்மாள் யோசித்தார். அந்த யோசனைதான் மாநாட்டில் கொண்டுவந்து விட்டது.

மாநாட்டில் மேடைப் பேச்சைவிட ஒரு சிறு கூட்டம்தான் பெண்களை அதிகம் இழுத்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்கு நேர்ந்ததை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதுவரை வாய் திறக்காதவர்கள் வாய் திறந்தார்கள். "எனக்கு மட்டும் என்று நினைத்தேன், உனக்குமா?" இந்த ஒரு கேள்விதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை.

மாநாட்டுக்குப் பிறகு பல ஊர்களில் இப்படிப்பட்ட வட்டங்கள் ஏற்பட்டன.

அதே காலத்தில் எய்ட்ஸ் நோய் வந்து சேர்ந்தது. "அது ஆண்களின் நோய், வெள்ளைக்காரர்களின் நோய்" என்று ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கறுப்பினப் பெண்களை யாரும் எச்சரிக்கவில்லை.

1989-ல் அட்லாண்டாவில் டேசான் டிக்சன் டியாலோ என்ற பெண் "சிஸ்டர்லவ்" என்ற அமைப்பைத் தொடங்கினார். சகோதரி அன்பு என்று பொருள் சொல்லலாம். இவர்கள் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவில்லை. பெண்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு இவர்கள் போனார்கள். ஒரு வீட்டுக் கூடம், கல்லூரி விடுதி, சங்கம், எதுவானாலும் சரி. அங்கே சில மணி நேரம் சிரிப்பும் பேச்சுமாக ஒரு விருந்து போல நடக்கும். நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்பது எல்லாம் அந்தச் சிரிப்புக்கு நடுவே வந்துவிடும்.

பாத்திரம், அழகுச் சாமான் விற்கிறவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி விற்பார்கள் அல்லவா? அந்த மாதிரிதான்.

இந்த முறையையும் சும்மா விடவில்லை. 30 குழுக்களைச் சேர்ந்த 313 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். விருந்துக்கு வந்த பெண்கள், மற்றவர்களைவிடத் தங்களைக் காத்துக்கொள்வதில் கவனமாக இருந்தார்கள். 2010-ல் இந்த முடிவு வெளியானது.

சனிக்கிழமை வகுப்பு

இனி, இளம் பெண்களுக்காக ஏற்பட்ட வகுப்புக்கு வருவோம்.

ரால்ப் டிகிளெமென்டி, ஜினா விங்குட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், 14 வயது முதல் 18 வயது வரை உள்ள 522 கறுப்பினப் பெண்களை வைத்து 1990-களின் பிற்பகுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். எல்லோரும் அமெரிக்காவின் தென் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஏற்கெனவே ஆண் உறவு ஏற்பட்டுவிட்ட பெண்கள்.

வகுப்பு மொத்தம் 4 நாள். ஒவ்வொரு நாளும் 4 மணி நேரம். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் நடந்தது. ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்.

பாடம் நடத்தியவர்களில் ஒருவர் சுகாதார ஆசிரியை. கறுப்பினப் பெண்மணி. கூட இருவர், தோழிகள். இவர்களும் கறுப்பினப் பெண்கள். வந்தவர்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்கள். இவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

கறுப்பினப் பெண்ணாகப் பிறந்ததில் என்ன பெருமை, என்ன கஷ்டம் என்று பேசினார்கள். கறுப்பினப் பெண் கவிஞர்களின் பாட்டுகளைப் படித்தார்கள். "நீ யார்? உனக்கு எது முக்கியம்?" என்று கேட்டார்கள். தன்னைத் தாழ்வாக நினைக்கும் பெண் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டாள் என்பது இதன் தத்துவம்.

எனக்கு இந்த முதல் நாள் பாடம்தான் மிகவும் பிடித்திருக்கிறது. நோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எளிது. மானத்தைச் சொல்லி நிமிர வைப்பது கஷ்டம்.

இரண்டாம் நாள் நோய்களைப் பற்றிச் சொன்னார்கள். தடுக்கும் வழிகள்: விலகி இருப்பது ஒன்று. உறவு உண்டு என்றால் ஒவ்வொரு முறையும் ஆணுறை. பலருடன் பழகாமல் இருப்பது.

மூன்றாம் நாள்தான் தோழிகளின் நாள். நாடகம் போல நடித்துக் காட்டினார்கள்.

இப்படி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி காதலனாக நடிக்கிறாள். "என் மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா? நம்பிக்கை இருந்தால் ஆணுறை எதற்கு?" என்று கேட்கிறாள்.

இந்தக் கேள்விக்கு டாக்டரிடம் மருந்து இல்லை. புத்தகத்திலும் பதில் இல்லை. ஆனால், இரண்டு வருஷத்துக்கு முன்பு அதே கேள்வியை எதிர்கொண்ட தோழிக்குப் பதில் தெரியும். "நம்பிக்கை இருப்பதால்தான் கேட்கிறேன். நாம் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டாமா?" என்று அவள் சொல்லிக் காட்டுகிறாள். பிறகு ஒவ்வொரு பெண்ணும் எழுந்து தன் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாவது தடவை குரல் உறுதியாகும்.

நான்காம் நாள், எது நல்ல உறவு, எது கெட்ட உறவு என்ற பேச்சு. அடிக்கும் காதலன், மிரட்டும் காதலன், வயதில் மிகவும் மூத்தவன், இவர்களிடம் சிக்கிய பெண் "வேண்டாம்" என்று சொல்லப் பயப்படுகிறாள். பயம் இருக்கும் இடத்தில் சுகாதாரப் பாடம் எடுபடாது. ஆகவே அதையும் பேசினார்கள்.

பலன் என்ன?

522 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் இந்த வகுப்பு. மற்றவர்களுக்கு உடற்பயிற்சியைப் பற்றியும், சத்துள்ள உணவைப் பற்றியும் வகுப்பு நடந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இப்படி.

ஓர் ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தார்கள். கடந்த ஒரு மாதத்தில் தவறாமல் ஆணுறை பயன்படுத்தியவர்கள், தோழி வகுப்புக்கு வந்தவர்களில் 100-க்கு 73 பேர். மற்ற வகுப்புக்குப் போனவர்களில் 100-க்கு 57 பேர்.

கிளமிடியா என்ற நோயும், கர்ப்பமும் குறைவதற்கான அறிகுறியும் தெரிந்தது. 2004-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் இந்த விவரம் வெளிவந்தது.

கிளமிடியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. இது வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு வலி கிடையாது. வெளியே தெரியும் அறிகுறி கிடையாது. அப்படியே விட்டால் கருக்குழாய் கெட்டு, பிற்காலத்தில் குழந்தை இல்லாமல் போகலாம். சிறுநீரைப் பரிசோதித்தாலே கண்டுபிடித்துவிடலாம். சில நாள் மாத்திரையில் குணமாகும். அறிகுறியே இல்லாத நோய்க்கு எந்தப் பெண் தானாக டாக்டரிடம் போவாள்? யாராவது "வா, பார்த்துவிட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தால்தான் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பலனுக்குக் காரணம் தோழிகளா, பாடமா, முதல் நாள் ஊட்டிய பெருமையா என்று இந்தச் சோதனை தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்து பலன் தந்தது என்றுதான் சொல்ல முடியும். தோழிகளை வைத்து நடந்த வேறு பல திட்டங்களில், பெண்களின் அறிவு கூடியது. நோய் குறைந்ததாகத் தெரியவில்லை. பெயரளவில் நாலு மாணவிகளுக்கு ஒரு சட்டையை மாட்டித் துண்டுப் பிரசுரம் கொடுக்கச் சொன்னால் போதாது.

கறுப்பினப் பெண்கள் மேல் குற்றமா?

2008-ம் ஆண்டு மார்ச் மாதம் நோய்த் தடுப்பு மையம் ஒரு கணக்கை வெளியிட்டது. நாடே திடுக்கிட்டது. 14 வயது முதல் 19 வயது வரை உள்ள அமெரிக்கப் பெண்களில் 4 பேரில் ஒருத்திக்கு, உறவினால் பரவும் நோய் ஏதாவது ஒன்று இருந்தது. கறுப்பினப் பெண்களில் 100-க்கு 48 பேருக்கு இருந்தது!

உடனே பலர் "நடத்தை சரியில்லை" என்று பேசினார்கள். கணக்கெடுத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அதே கணக்கில் இன்னொரு விவரமும் இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒருவருடன் மட்டும் பழகிய பெண்களில்கூட 5-ல் ஒருத்திக்கு நோய் இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு வட்டாரத்தில் நோய் ஏற்கெனவே அதிகமாக இருந்தால், அங்கே ஒரே ஒருவனை நம்பிய பெண்ணுக்கும் ஆபத்து அதிகம். வைத்திய வசதி குறைவு, வறுமை, டாக்டரிடம் அவநம்பிக்கை. குளத்துத் தண்ணீரே கெட்டிருக்கும்போது ஒரு குடம் மொண்டவளைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பெற்றோரின் பயம்

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடமாட்டார்களா?" இந்தப் பயம் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அது அரசாங்கக் கொள்கையாகவே ஆனது.

1996-ல் ஒரு சட்டம் வந்தது. கலியாணம் வரை விலகி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதற்காக, ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தடுப்பு முறைகளின் பயனைச் சொல்லிக் கொடுக்க அந்தப் பணம் கிடைக்காது.

அமெரிக்க பாராளுமன்றமே அதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. இந்த மாதிரியான 4 திட்டங்களில் 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டு கவனித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை! அவர்களும் அதே வயதில்தான் தொடங்கினார்கள்.

மறுபக்கம், முழு விவரமும் சொல்லிக் கொடுத்த வகுப்புகளால் பிள்ளைகள் முன்கூட்டியே வழி தவறியதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. சனிக்கிழமை வகுப்பில்கூட "விலகி இருக்கலாம்" என்பதும் ஒரு பாடம்தானே! பெற்றோர் சொல்ல விரும்புவதையும் தோழி சொல்கிறாள். அதற்குமேல் தேவைப்படுவதையும் சொல்கிறாள்.

பயத்துக்குப் பலியானவர்களில் ஒரு பெரிய டாக்டரும் உண்டு. பெயர் ஜாய்சிலின் எல்டர்ஸ். ஆர்க்கன்சா மாநிலத்தில் ஏழைக் கூலி விவசாயிகளின் மகள். 1993-ல் அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். பள்ளியில் இந்தப் பாடம் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். 1994 டிசம்பரில் எய்ட்ஸ் கூட்டம் ஒன்றில், இளைஞர்களின் உடலைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொன்னார். அந்த மாதமே பதவி போய்விட்டது!

தோழி எங்கே அழைத்துப் போவாள்?

இதில் எனக்கு இரண்டு குறை தெரிகிறது.

நோயைக் கொடுப்பவன் ஆண். பாடம் படிப்பவள் பெண். இது என்ன நியாயம்? இதைச் சிலர் யோசித்தார்கள். அட்லாண்டாவில் 15 வயது முதல் 21 வயது வரை உள்ள 715 கறுப்பினப் பெண்களிடம் இன்னொரு திட்டம் நடந்தது. அதில் பெண்ணின் கையில் ஒரு சீட்டையும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் காட்டி அவளுடைய காதலனும் வைத்தியம் செய்துகொள்ளலாம். 2009-ல் முடிவு வெளிவந்தது. கிளமிடியா குறைந்திருந்தது. ஆண்பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்தால்தான் இது முழுமையாகும்.

இரண்டாவது குறை பெரியது. தோழி "வா" என்று அழைத்துப் போகிறாள். போகும் இடத்தில் கதவு பூட்டியிருந்தால்?

2023-ல் கர்ப்பிணிகளின் சிபிலிஸ் நோய்க்குப் போடும் அந்த பென்சிலின் ஊசிக்கே அமெரிக்காவில் தட்டுப்பாடு வந்தது. இருப்பதைக் கர்ப்பிணிகளுக்கு முதலில் போடுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2024-ல் பிரான்சில் இருந்து ஊசி வரவழைத்தார்கள். மருந்து இருந்தும் டஸ்கிகீயில் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று நினைத்த காலத்தில் மருந்து போதவில்லை.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி, கருக்கலைப்புக்கு இருந்த உரிமையைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. அடுத்த மாதமே ஜார்ஜியாவில், ஏறக்குறைய 6 வாரத்துக்குமேல் கருவைக் கலைக்கத் தடை அமலுக்கு வந்தது. தனக்குக் கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரியும் முன்பே 6 வாரம் ஆகிவிடும். அதைப் பற்றி அவரவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால், கர்ப்பத்தை முன்கூட்டியே தடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்வது அங்குள்ள பெண்ணுக்கு முன்னைவிட அவசரமாகிவிட்டது.

2025 ஏப்ரலில் மத்திய சுகாதாரத் துறை சுமார் 10 ஆயிரம் பேரை வேலையில் இருந்து நீக்கும் வேலையைத் தொடங்கியது. அட்லாண்டாவில் உள்ள நோய்த் தடுப்பு மையத்திலும், எய்ட்ஸ் தடுப்புப் பிரிவு உள்படப் பலருக்கு உத்தரவு போனது. அதே ஆண்டு ஜூலை 4-ந் தேதி கையெழுத்தான சட்டம், கருக்கலைப்பும் செய்யும் பெரிய அமைப்புகளுக்கு ஏழைகளின் வைத்தியத்துக்காகக் கொடுத்துவந்த மருத்துவ உதவிப் பணத்தை ஓராண்டுக்கு நிறுத்தியது. அந்த இடங்களில் நோய்ப் பரிசோதனையும், கருத்தடைச் சாதனமும், புற்றுநோய்ச் சோதனையும்கூட ஏழைப் பெண்களுக்குக் கிடைத்துவந்தன. பல கிளைகளை மூடினார்கள்.

நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. 1991-ல் 15 வயது முதல் 19 வயது வரை உள்ள ஆயிரம் அமெரிக்கப் பெண்களில், ஆண்டுக்குச் சுமார் 62 பேர் பிள்ளை பெற்றார்கள். கறுப்பினப் பெண்களில் சுமார் 118 பேர். 2022-ல் மொத்தக் கணக்கு ஆயிரத்துக்கு 14-க்கும் கீழே வந்துவிட்டது. கறுப்பினப் பெண்களில் சுமார் 20. நல்ல கருத்தடை முறைகள் வந்தது ஒரு காரணம். உறவைத் தள்ளிப்போடும் பெண்கள் அதிகமானது இன்னொரு காரணம். தோழிகளுக்கும் இதில் பங்கு உண்டா, எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

தோழிகளுக்கு ஆகும் செலவு அதிகம் இல்லை. நாலு சனிக்கிழமை, ஓர் அறை, பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், அவர்கள் கையில் கொஞ்சம் சம்பளம். ஆனால், இந்தத் தோழி வேலை பெரும்பாலும் மானியப் பணத்தில் ஓடுகிறது. மானியம் முடிந்தால் அந்தப் பெண் வேறு வேலை தேடிப் போய்விடுகிறாள். அவள் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கையும் அவளோடு போய்விடுகிறது. அடுத்த மானியத்தில் புதிதாக வருபவள் அதை முதலில் இருந்து சம்பாதிக்க வேண்டும்.

1989-ல் டியாலோ தொடங்கிய சிஸ்டர்லவ் அட்லாண்டாவில் இன்றும் நடந்துவருகிறது. 36 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அங்கே வரும் பெண்ணுக்குப் பேச்சும் உண்டு, அதே கூரையின் கீழ் ரத்தப் பரிசோதனையும் உண்டு.